மூட்டை ஈரம் இழுக்குது தம்பி

கேள்வி: வெளிநாட்டில் தொழில் தொடங்கி நஷ்டப்பட்டவர்கள் இருக்கிறீர்களா? அந்த அனுபவம் உங்களை எப்படி மாற்றியது?

இருக்கிறேன். யாங்கோனில் இருக்கிறேன். ரங்கூன் என்றால்தான் ஊரில் பாதிப் பேருக்குப் புரியும்.

மற்ற பதில்களைப் படித்துவிட்டுப் பேசாமல் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். தோல்விதான் முதல் படி, மண்ணில் விழுந்த விதைதான் முளைக்கும் என்று ஆளாளுக்கு எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்களில் எத்தனை பேருக்குப் போன் அடித்தாலே வயிறு கலங்கியிருக்கும் என்று தெரியவில்லை. கேட்டவர் பெயர் போடாமல் கேட்டிருக்கிறார். அதனால் நானாக ஒன்று ஊகிக்கிறேன், தப்பென்றால் மன்னியுங்கள். உங்கள் நஷ்டம் இன்னும் ஆறவில்லை. வீட்டில் முழுத் தொகையைச் சொல்லவும் இல்லை. நானும் முதலில் என் மனைவியிடம் பாதியைத்தான் சொன்னேன்.

சொந்த ஊர் விருதுநகர். அப்பா கமிஷன் மண்டியில் கணக்கு எழுதியவர். நான் பருப்பு மில்களுக்குச் சரக்குப் பிடித்துக் கொடுக்கும் தரகு வேலையில் இருந்தேன். 2015இல் உளுந்து விலை தாறுமாறாக ஏறியது. மில்காரர்கள் எல்லோரும் பர்மா சரக்கு, பர்மா சரக்கு என்றார்கள். நடுவில் நாலு கை மாறி வருவதை நாமே நேரில் போய்ப் பிடித்தால் என்ன என்று கிளம்பிவிட்டேன்.

உளுந்து வியாபாரம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியா இறக்குமதி செய்யும் உளுந்தில் மிகப் பெரும்பகுதி பர்மாவில் விளைவது. நெல் அறுத்த வயலில், மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலேயே விதைத்து, பிப்ரவரி மார்ச் வாக்கில் அறுப்பார்கள். அந்த ஊர்க்காரர்கள் உளுந்து தின்பது குறைவு. அதாவது விளைவிப்பது ஒரு நாடு, பெரிதாக வாங்குவதும் ஒரே ஒரு நாடு. 'வாங்க ஆள் இருக்கிறது' என்று நான் அதைப் புரிந்துகொண்டேன். 'வேறு ஆள் இல்லை' என்றும் அதையே படிக்கலாம் என்பது அப்போது தோன்றவில்லை.

அந்த நாளில் வெளிநாட்டுக்காரன் சொந்தப் பெயரில் ஏற்றுமதி வியாபாரம் செய்ய அங்கே வழி கிடையாது. அங்கேயே மூன்று தலைமுறையாக இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தோடு சேர்ந்து, அவர்கள் லைசென்ஸில் செய்தேன். பினாமி என்று சிலர் கிளம்பி வருவீர்கள். வரலாம். இந்தக் கதையில் என்னை யாரும் ஏமாற்றவில்லை என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அண்ணன் (கூட்டாளியை அப்படித்தான் கூப்பிடுவேன்) என் பணத்தில் ஒரு கியாட் தொட்டவர் இல்லை.

கணக்கு முழுவதும் அண்ணனின் அக்கா கையில். அப்போது அறுபது வயது. கன்னத்தில் தனக்கா (மரப்பட்டையை அரைத்துப் பூசும் பர்மியப் பூச்சு), நெற்றியில் குங்குமம், இடுப்பில் பர்மியக் கைலி. நோட்டில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டுக் கீழே பர்மிய எண்ணில் கணக்கு எழுதுவார். தமிழ் பேசுவார், கோயில் வகுப்பில் படித்ததால் எழுத்துக் கூட்டி வாசிக்கவும் செய்வார். எடை சொன்னால் வீசையில்தான். வீசை என்ற சொல்லை எங்கள் பாட்டி வாயில் கேட்டதற்கப்புறம் அங்கேதான் கேட்டேன். நம் ஊர் பழைய வீசை 1.4 கிலோ, பர்மா வீசை 1.63 கிலோ. முதல் மாதம் அதிலேயே ஒரு லாட்டில் கணக்கைக் கோட்டைவிட்டேன், அது கிடக்கட்டும்.

2016இல் நன்றாகச் சம்பாதித்தேன். ஏறுமுகத்தில் எதை வாங்கினாலும் அடுத்த வாரம் லாபம் நின்றது. அதை என் திறமை என்று நம்பினேன். விருதுநகருக்குப் போன் போட்டு நான்கு பேருக்கு வியாபார ஆலோசனைகூடச் சொன்னேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

2017 அறுப்பில் 11 கன்டெய்னர் சரக்கு வாங்கி வைத்தேன். கன்டெய்னருக்கு 24 டன். பாதி என் பணம், பாதி ஊரில் இரண்டு வட்டிக்கு வாங்கியது. யாங்கோனின் பயின்னவுங் மொத்தச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கிட்டங்கி. அங்கே வாடகையை ஒரு வருடத்துக்கு முன்கூட்டியே கேட்பார்கள், அதையும் கொடுத்தாயிற்று. ஆனால் அந்த வருடம் இந்தியாவிலேயே பருப்பு விளைச்சல் அதுவரை இல்லாத உச்சம், 2 கோடியே 30 லட்சம் டன். விலை இறங்கிக்கொண்டே வந்தது. தீபாவளிக்கு ஏறும் என்று உட்கார்ந்திருந்தேன். இதற்குப் பெயர் வியாபாரம் இல்லை, பதுக்கல். அப்போது 'ஸ்டாக் எடுத்திருக்கேன்' என்று கௌரவமாகச் சொல்லிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 5ஆம் தேதி துவரை இறக்குமதிக்கு இந்தியா உச்சவரம்பு வைத்தது. வருடத்துக்கு 2 லட்சம் டன், அவ்வளவுதான். சந்தையில் எல்லோர் முகமும் மாறியது. நான் மட்டும் துவரை வேறு, உளுந்து வேறு என்று விளக்கம் சொன்னேன்.

யாங்கோனில் ஆகஸ்ட் என்றால் மழை, விடாத மழை. துவரைச் செய்தி வந்து இரண்டு நாள் கழித்து அக்கா தேநீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "மூட்டை ஈரம் இழுக்குது தம்பி. கொஞ்சம் இடம் காலி பண்ணலாமா?"

நான் தார்ப்பாய் வாங்கினேன். பன்னிரண்டு தார்ப்பாய், அடியில் போட மரப்பலகை வேறு.

நான்கைந்து நாள் போயிற்று. "எலி ஜாஸ்தியாயிடுச்சு தம்பி, இவ்வளவு சரக்கு வச்சிருந்தா அது வரத்தானே செய்யும்?" எலிப்பொறி வாங்கினேன். அதற்கப்புறம் ஒரு நாள், சம்பந்தமே இல்லாமல், தன் அப்பா கதையைச் சொன்னார். 1964இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்ததும், அதே காலத்தில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டதும். அப்போது இவருக்கு ஏழு வயது. 1987இல் மறுபடி 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாமல் போனது. "ராத்திரி படுக்கும்போது காசு, காலையில காகிதம்" என்றார். பாவம், வயதானவர் பழசைப் பேசுகிறார் என்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

ஆகஸ்ட் 21ஆம் தேதி உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து 3 லட்சம் டன் உச்சவரம்பு வந்தது. சந்தையில் அதைக் கதவைச் சாத்தியதாகவே எடுத்துக்கொண்டார்கள். வாங்குவதாகச் சொன்ன பார்ட்டிகள் போனை எடுக்கவில்லை. மழையில் சரக்கு, தலைக்கு மேல் வட்டி. கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, ஜனவரியில் கணக்கு முடித்தபோது 58 லட்சம் ரூபாய் போயிருந்தது. கடைசி மூட்டையும் வெளியேறிய அன்று கிட்டங்கியில் மிச்சமிருந்தவை அந்தத் தார்ப்பாய்கள். நல்ல விலைக்குப் போயின.

ஊருக்குத் திரும்பவில்லை. வைராக்கியம் ஒன்றும் இல்லை, முகத்தில் விழிக்கப் பயம். அந்த வருடம் தங்கை மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் நான் ஒருவன்தான். சீர் கொண்டுபோகக் காசில்லை, வெறுங்கையோடு போக மனசில்லை. டிக்கெட் கிடைக்கவில்லை என்று பொய் சொன்னேன். பெரியப்பா மகன் மடியில் உட்கார வைத்துக் குத்தினார்கள். அன்றைக்கு அனோரத்தா சாலைக் காளி கோயிலில் போய் உட்கார்ந்திருந்தேன். தங்கை போட்டோ அனுப்பினாள், குழந்தை அழுதுகொண்டிருந்தது. 58 லட்சத்தை ஒருவிதமாகக் கட்டி முடித்தேன். அந்தப் போட்டோவை இன்னும் முழுசாகப் பார்க்க முடியவில்லை.

சரி, மாற்றம் என்ன என்று கேட்டீர்கள்.

பயின்னவுங்கிலேயே ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் சாம்பிள் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தேன். மூட்டையில் குத்தூசி விட்டு எடுத்து, ஈரம், சொத்தை, கல் பார்த்து, இது எஃப்.ஏ.க்யூ. (சராசரி ரகம்), இது எஸ்.க்யூ. (உயர் ரகம்) என்று பிரிப்பது. நேற்று வரை சலாம் போட்ட தரகர்கள் முன்னால் சம்பளத்துக்கு நிற்பது முதல் மாதம் கஷ்டமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. கேள்விக்குச் சம்பந்தமில்லை, வேண்டாதவர்கள் தாண்டிப் போங்கள். பர்மா உளுந்து மட்டம், இட்லி உப்பாது என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. நம் பக்கத்து மில்கள் வாங்குவதில் பெரும்பாலும் எஸ்.க்யூ. ரகம்தான், நல்ல பெருவெட்டுப் பயறு. அதைத் தோல் நீக்கி, பாலிஷ் போட்டு, பையில் அடைத்து 'நாட்டு உளுந்து' என்று எழுதினால் கிலோவுக்குக் கூட விலை கொடுத்து வாங்குகிறார்கள். அப்படி விற்ற ஒரு கடையில் நானே நின்று பார்த்திருக்கிறேன். நான் அனுப்பிய லாட்டு. மாவைச் சரியாக ஆட்டாமல், ராத்திரி குளிர்ந்த இடத்தில் வைத்துவிட்டு உளுந்தைக் குறை சொல்வதுதான் எனக்கு ஆத்திரம். என் அத்தையே இதைச் சொன்னார், அதுவும் என் எதிரில், இரண்டாவது ஈடு இட்லியைத் தட்டில் வாங்கிக்கொண்டு.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வருடம் வரை என் கதை இதுதான்: 'நல்லாப் போய்க்கிட்டிருந்துச்சு, கவர்மென்ட் ஒரே நாள்ல கவுத்துட்டான்.' எல்லோரும் உச்சுக் கொட்டுவார்கள். 2018 கடைசியில் ஒரு நாள் தேநீர்க்கடையில், ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அண்ணன். "ஒருத்தராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்று முடித்தேன். அண்ணன் கோப்பையைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. "அக்கா மூணு தடவை சொன்னாங்களே. நீங்க தார்ப்பாயில்ல வாங்கினீங்க" என்றார்.

அன்றிரவு தூங்கவில்லை. துவரைச் செய்திக்கும் உளுந்துச் செய்திக்கும் நடுவில் பதினாறு நாள் இருந்தது. விற்றிருந்தால் அப்போதும் நஷ்டம்தான், ஆனால் ஊரில் இருந்த வீட்டுமனை தப்பியிருக்கும்.

பர்மியத்தில் 'ஆனாடே' என்று ஒரு சொல் உண்டு. ஆ என்றால் பலம், நா என்றால் நோவு. அடுத்தவர் மனம் நோகுமே என்று தன் பேச்சை விழுங்குவது. அக்கா வீட்டில் தமிழ் பேசினாலும் வளர்ந்தது அந்த ஊரில். பணம் என்னுடையது, முடிவும் என்னுடையது, அதில் 'விற்றுவிடு' என்று நேராகச் சொல்வது அவருக்கு வராது. அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். எனக்குத்தான் உளுந்து காதை அடைத்திருந்தது. உடனே பர்மாக்காரர்களே இப்படித்தான் என்று யாரும் எழுதிவிடாதீர்கள். சந்தையில் முகத்துக்கு நேரே கத்துகிறவர்களும் ஏராளம். என் அம்மாவும் 'சோறு ஆறுது' என்றுதானே கோபத்தைச் சொன்னார்? அது புரிந்த எனக்கு இது புரியவில்லை.

அரசின் மேல் தப்பே இல்லை என்கிறேனா? இல்லை. எத்தனையோ பேர் அதில் அடிபட்டார்கள், பர்மிய விவசாயிகள் எங்களைவிட அதிகமாக. 2021 மே மாதம் அதே இந்தியா உளுந்துக் கட்டுப்பாட்டை நீக்கியது. அடுத்த மாதமே, ஐந்து வருடத்துக்கு வருடம் இரண்டரை லட்சம் டன் வாங்குவதாக ஒப்பந்தமும் போட்டது. செய்தியைப் படித்தபோது சிரித்தேன் என்று சொன்னால் பொய்.

மனைவியிடம் முழுத் தொகையை 2019இல் சொன்னேன். அவள் அரை மணி நேரம் பேசவில்லை. அப்புறம், "பாதி சொன்னப்பவே மீதி இருக்கும்னு தெரியும்" என்றாள். ஆக, அவள் மௌனத்தையும் நான் கேட்கவில்லை. அந்த மனையை விற்றோம், அவள் நகை போயிற்று, மீதியை 2023 வரை கட்டினேன்.

இப்போது மறுபடியும் தரகு வேலை, மறுபடியும் அந்தக் குடும்பத்தோடுதான். சரக்கு வாங்கி வைப்பதில்லை, ஒரு மூட்டைகூட. 2021 பிப்ரவரி 1 காலையில் போன் செத்துக் கிடந்தது. ஆட்சியை ராணுவம் எடுத்துக்கொண்டது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அப்புறம் வங்கிகள் மூடியதும், ஏ.டி.எம். வாசலில் விடியும் முன்பே வரிசை நின்றதும் உங்களுக்குச் செய்தியில் தெரிந்திருக்கும். கிட்டங்கி நிறைய வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தேன். எனக்குப் பூட்டிப் பாதுகாக்க ஒன்றும் இல்லை. அந்த வருடம் ஓரளவு தூங்கினேன். இதை வளர்ச்சி என்பீர்களோ, சூடு கண்ட பூனை என்பீர்களோ, தெரியாது. இரண்டும் இருக்கலாம்.

இன்னொரு மாற்றம். அக்கா எது சொன்னாலும் இப்போது இரண்டு தடவை யோசிக்கிறேன். போன வாரம் நோட்டை மூடிவிட்டு, "ரொம்பக் கொசுவா இருக்கு தம்பி" என்றார். எனக்குத் திக்கென்றது. எந்தப் பார்ட்டியைச் சொல்கிறார், யாருக்குக் கடன் கொடுக்க வேண்டாம் என்கிறார் என்று ராத்திரி முழுக்கப் பேரேட்டைப் புரட்டினேன். இரண்டு பேர் மேல் சந்தேகம் வந்தது. காலையில் போய், "அந்த ரெண்டு பேருக்கும் கடன் நிறுத்திடவா அக்கா?" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கொசுவத்தி வாங்கிட்டு வரச் சொன்னேன் தம்பி" என்றார்.