வங்கியில் மிச்சமாகக் கிடக்கும் காசு யாருடையது?

கேள்வி: கோண்டாவிலில் இருந்து எழுதுகிறேன். வயலின், வியோலா, செலோ, மிருதங்கம் என்று 14 பேர் சேர்ந்து இலாப நோக்கமில்லாத ஒரு சேம்பர் ஓர்கெஸ்ட்ரா (சிறிய வாத்தியக் குழு) நடத்துகிறோம். வருடத்தில் இரண்டு பெரிய கச்சேரி வைக்கிறோம். வடமராட்சியில் ஒரு கடலோரப் பள்ளிக்கூடத்தில் 24 பிள்ளைகளுக்கு இலவசமாக வயலின் படிப்பிக்கிறோம். போன வருடம் 275,000 ரூபாய் மிச்சம் என்று பொருளாளர் கணக்குக் காட்டினார். ஆனால் அடுத்த கச்சேரி மண்டபத்துக்கு முற்பணம் கட்டப் போனால் கையில் காசு இல்லை. செலவைக் குறைக்க இலவச வகுப்பை நிறுத்துவோம் என்கிறார்கள் செயற்குழுவில் சிலர். நிறுத்தலாமா? சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டுமா? ரிக்கற் விலையைக் கூட்டினால் சரிவருமா? கணக்கு விபரத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: வகுப்பை நிறுத்த வேண்டாம். ஏன் என்பதை உங்கள் கணக்கை வைத்தே சொல்கிறேன்.

போன வருடம் உங்களுக்கு வந்தது மொத்தம் 1,795,000 ரூபாய். அதில் ரிக்கற் 185,000, கச்சேரிச் சிறப்பு மலரில் வந்த விளம்பரம் 110,000, கலியாண வீட்டு வரவேற்புகளில் வாசித்து வாத்தியக்காரருக்குக் கொடுத்தது போக மிஞ்சியது 260,000. மீதி 1,240,000 வெளிநாட்டு உறவுகள் அனுப்பியது. செலவு 1,520,000. கழித்துப் பார்த்தால் 275,000 மிச்சம்தான். பொருளாளர் கூட்டல் கழித்தலில் பிழை விடவில்லை. ஆனால் அந்த 1,240,000 ஐ ஒரே வரியில் எழுதியிருக்கிறார். சிக்கல் அங்கேதான்.

உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில் இருக்கிறது விஷயம். ரொறன்ரோவில் இருக்கும் ஒரு குடும்பம் 700,000 தந்தது பிள்ளைகளுக்கு வாத்தியம் வாங்க. லண்டன் பழைய மாணவர்கள் 300,000 தந்தது வடமராட்சி வகுப்புக்கு. இரண்டும் வாக்குக் கொடுத்து வாங்கிய காசு. வேறு எதற்கும் எடுக்க முடியாது. வாத்தியத்துக்கு இதுவரை 310,000 தான் செலவாகியிருக்கிறது. ஆகவே 390,000 இன்னும் ரொறன்ரோக் குடும்பத்தின் நோக்கத்துக்குக் கட்டுப்பட்டு வங்கியில் இருக்க வேண்டும். லண்டன் காசு முழுவதும் வகுப்பில் செலவாகிவிட்டது.

இப்போது இந்த இரண்டையும் வரவிலும் செலவிலும் இருந்து எடுத்துவிட்டுப் பாருங்கள். உங்கள் சொந்த வரவு 795,000. சொந்தச் செலவு 910,000. மிச்சம் எங்கே? 115,000 துண்டு விழுந்திருக்கிறது. 390,000 இலிருந்து 115,000 ஐக் கழித்தால் வருவதுதான் பொருளாளர் காட்டிய 275,000. அதாவது வாத்தியக் காசில் ஒரு இலட்சத்துக்கு மேல் ஏற்கெனவே கச்சேரிச் செலவுக்குப் போய்விட்டது, யாரும் கெட்ட எண்ணத்தோடு எடுக்காமலே. ரொறன்ரோவில் இருந்து அந்தக் குடும்பம் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து "செலோ எங்கே?" என்று கேட்கும் நாளில்தான் இது வெளியே தெரியும்.

முதல் வேலை இதுதான்: கணக்குப் புத்தகத்தில் இரண்டு பத்தி போடுங்கள், ஒன்று பொது நிதி, மற்றது நோக்கம் குறித்த நிதி. முடிந்தால் இரண்டாவதற்குத் தனி வங்கிக் கணக்குத் திறவுங்கள். மாதக் கூட்டத்தில் பொருளாளர் வாசிக்க வேண்டியது வங்கி மீதியை அல்ல, பொது நிதியின் மீதியை. கோயில் அறங்காவலர் சபைகளிலும் பழைய மாணவர் சங்கங்களிலும் நான் பார்த்த கணக்குச் சண்டைகளில் அரைவாசி, திருப்பணிக் காசும் அன்னதானக் காசும் ஒரே கணக்கில் கிடந்ததால் வந்தவை. களவு மிகக் குறைவு, கலப்புத்தான் அதிகம்.

சரி, வகுப்பு. அதற்கு 420,000 போகிறது, நிறுத்தினால் 420,000 மிச்சம் என்று செயற்குழுவில் சொல்கிறார்கள். வகுப்பு நின்றால் லண்டனில் இருந்து வரும் 300,000 உம் நின்றுவிடும். அவர்கள் கணக்குப்படி மிச்சம் பிடிப்பது வெறும் 120,000. கச்சேரியைப் பாருங்கள்: இரண்டு கச்சேரிக்கும் 640,000 செலவு, ரிக்கற்றும் விளம்பரமும் சேர்த்து 295,000 வரவு. பள்ளம் 345,000. உங்கள் பொது நிதியை விழுங்குவது பிள்ளைகளின் வயலின் வகுப்பல்ல, நீங்கள் பெருமைப்படுகிற அந்த மேடைதான்.

இதற்காக வெட்கப்படத் தேவையில்லை. ரிக்கற் விற்றே முழுச் செலவையும் எடுக்கும் ஓர்கெஸ்ட்ரா உலகத்தில் மிக அரிது. அமெரிக்காவிலேயே ரிக்கற் வருமானம் பொதுவாகச் செலவின் பாதியைத் தொடுவதில்லை. பௌமல், போவன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 1966 இல் இதற்கு ஒரு காரணம் சொன்னார்கள். சட்டை தைக்கிற தொழிற்சாலை புது மெஷின் போட்டு அதே நேரத்தில் பல மடங்கு சட்டை தைக்கலாம். நான்கு பேர் வாசிக்கிற ஒரு தந்தி வாத்தியப் படைப்புக்கு இன்றைக்கும் அதே நான்கு பேர்தான் வேண்டும், அதே நேரம்தான் எடுக்கும். ஆனால் மற்றத் தொழில்களில் சம்பளம் ஏற ஏற வாத்தியக்காரருக்கும் கூட்டித்தான் கொடுக்க வேண்டும். ஆகவே இடைவெளி வருடத்துக்கு வருடம் அகலும். நன்கொடையால் அதை நிரப்புவது இந்தத் தொழிலின் இயல்பு. ஆனால் பள்ளம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பது உங்கள் கையில் இருக்கிறது.

உங்கள் 640,000 இன் பிரிவைப் பாருங்கள். மண்டபமும் ஒலியமைப்பும் 150,000. கொழும்பில் இருந்து வரும் இசை நடத்துநருக்கு (மேடையில் கைகாட்டி வாசிப்பை வழிநடத்துபவருக்கு) சம்பளம், ரயில், தங்குமிடம் 130,000. வாத்தியக்காரருக்கு ஒத்திகை உட்பட 180,000. மலர் அச்சிட 96,000. பொன்னாடை, மாலை, சிற்றுண்டி, வீடியோ 84,000. மலரில் வந்த விளம்பரம் 110,000, அச்சுக்கூலி 96,000. 14,000 ரூபாய்க்காக எத்தனை பேர் எத்தனை கடையின் படியேறி இறங்கினார்கள்? அந்த விளம்பரதாரரிடமே மலர் இல்லாமல் "இந்தக் கச்சேரிக்கு அனுசரணை" என்று கேளுங்கள். பாதிப் பேர் தந்தாலும் இதைவிடக் கூட. பொன்னாடை பற்றி நான் வாய் திறந்தால் ஊரில் பகை வரும். பிரதம விருந்தினர் ஒருவர், பொன்னாடை ஒன்று என்ற அளவில் நிறுத்துங்கள்.

நடத்துநர் இல்லாமலும் வாசிக்கலாம். நியூயோர்க்கின் ஓர்ஃபியஸ் சேம்பர் ஓர்கெஸ்ட்ரா 1972 முதல் நடத்துநர் இல்லாமலே வாசிக்கிறது. 14 பேர் என்றால் முதல் வயலினில் இருப்பவர் வில்லாலும் கண்ணாலும் நடத்திவிடலாம். விவால்டி காலத்தில் அப்படித்தான் நடந்தது. ஆனால் ஒத்திகை கூட வேண்டும். வருடத்தில் ஒரு முறை மட்டும் கொழும்பில் இருந்து ஒருவரைக் கூப்பிட்டு, அவரை மேடைக்கு மட்டும் என்று வைக்காமல் இரண்டு நாள் பயிற்சிப் பட்டறையும் நடத்தச் சொன்னால் அந்தக் காசுக்கு முழுப் பெறுமதி கிடைக்கும்.

இன்னொன்று, நான் மிக முக்கியமாக நினைப்பது. ஒரு நிகழ்ச்சியை ஒத்திகை பார்த்துத் தயார்ப்படுத்துவதுதான் காசும் காலமும் தின்னும் வேலை. தயாரான பிறகு அதையே இன்னோர் ஊரில் வாசிக்க வான் வாடகைக்கும் தேநீருக்கும் வாத்தியக்காரரின் சிறு படிக்கும்தான் செலவு. நீங்கள் பல வாரம் ஒத்திகை பார்த்து, யாழ்ப்பாண நகரில் ஒரு மாலை வாசித்துவிட்டு எல்லாவற்றையும் மூடிவைக்கிறீர்கள். அதே நிகழ்ச்சியை வட்டுக்கோட்டையில் ஒரு தேவாலயத்தில், சாவகச்சேரியில் ஒரு பள்ளி மண்டபத்தில், பருத்தித்துறையில், கைதடி முதியோர் இல்லத்தில் வாசியுங்கள். சமூகப்பணி என்று தனியாக ஒன்றைத் தேட வேண்டாம். அனுசரணையாளருக்கும் ஒன்றுக்குப் பதில் ஐந்து இடத்தில் பெயர் வரும். அமெரிக்காவின் செயின்ட் பால் சேம்பர் ஓர்கெஸ்ட்ரா 2005 இல் ரிக்கற் விலையைக் குறைத்து, சுற்றுப்புறத் தேவாலயங்களிலும் பள்ளி மண்டபங்களிலும் வாசிப்பதைத் தன் வழியாகவே ஆக்கிக்கொண்டது. பிறகு மாதம் 5 டொலர் கட்டினால் கச்சேரிகளுக்கு வரலாம் என்று உறுப்பினர் திட்டமும் தொடங்கியது. அதனால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை, 2012-13 இல் சம்பளத் தகராறில் நிர்வாகம் 191 நாள் கதவை மூடியது. ஆனாலும் அந்த வழியை அவர்கள் கைவிடவில்லை.

வகுப்புக்குத் திரும்புவோம். அதன் செலவை நீங்கள் குறைத்துக் காட்டுகிறீர்கள். "மற்றவை" என்று போட்ட 150,000 இல் தந்தி, வில் மயிர், வயலினில் தந்தியைத் தாங்கும் பாலம் சரிபார்த்தல், ஆசிரியரின் பஸ் காசு என்று 108,000 வகுப்புக்குப் போனது. அதையும் சேர்த்தால் 528,000 (லண்டன் காசு போக 228,000, அதுவும் கச்சேரிப் பள்ளத்தைவிடக் குறைவுதான்). ஒரு பிள்ளைக்கு வருடம் 22,000. லண்டன்காரரிடம் இனிக் கேட்க வேண்டிய தொகை இது. "நிர்வாகத்துக்கு ஒரு சதமும் போகக் கூடாது" என்று சொல்வார்கள். எங்கள் சனத்துக்கு வாத்தியத்தில் பெயர் பொறிக்கப் பிடிக்கும், அறுந்த தந்திக்குக் காசு தரப் பிடிக்காது. வாதாட வேண்டாம். "ஒரு பிள்ளை, ஒரு வருடம், 22,000" என்று மட்டும் கேளுங்கள். தந்தியும் பஸ்ஸும் அதற்குள் இருக்கிறது என்று ஒரு சிறு விபரத்தாள் இணையுங்கள். ஒருவர் ஐந்து இலட்சம் தருவதைவிட இருபத்துநாலு பேர் ஆளுக்கு ஒரு பிள்ளை எடுப்பது பாதுகாப்பு. பெரிய கொடையாளி கோபித்துக்கொண்டு போனால் வகுப்பும் கூடவே போகும். பிள்ளைகளின் படத்தை அனுப்புவதென்றால் பெற்றோரின் கையெழுத்து வாங்குங்கள், வறுமையைக் காட்டும் படம் வேண்டவே வேண்டாம்.

வாத்தியங்கள் சங்கத்தின் சொத்து. கால், அரை, முக்கால் அளவு வயலின்களைப் பிள்ளை வளர வளர மாற்ற வேண்டும். சிறிய அளவு அடுத்த பிள்ளைக்குப் போக வேண்டும். எனவே ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டு, பெற்றோரிடம் இரவல் படிவம் வாங்குங்கள். கடற்கரை ஈரத்தில் பசை விட்டு மூட்டுகள் திறக்கும், ஆதலால் திருத்த வேலைக்கு ஒரு தொகை ஒவ்வொரு வருடமும் ஒதுக்க வேண்டும்.

லண்டன் காசில் இன்னொரு வழி இருக்கிறது. பிரித்தானியாவில் வருமான வரி கட்டும் ஒருவர், அங்கே பதிவுசெய்த தர்ம ஸ்தாபனத்துக்கு 1 பவுண் கொடுத்தால், கிஃப்ட் எய்ட் என்ற ஏற்பாட்டில் அந்த ஸ்தாபனம் அரசிடம் மேலும் 25 பென்ஸ் பெறலாம். உங்களுக்கு நேரே அனுப்பினால் அது கிடைக்காது. உங்களுக்குக் காசு அனுப்பும் பழைய மாணவர் சங்கம் அங்கே அப்படிப் பதிவானதா என்று கேளுங்கள். பதிவானதென்றால் போன வருட 300,000, 375,000 ஆகியிருக்கும். அதற்குப் பதிலாக அவர்கள் உங்களிடம் ஒழுங்கான செலவறிக்கை கேட்பார்கள். அது உங்களுக்கும் நல்லதுதான்.

பதிவு பற்றி. சங்கத்தின் விதிகளைச் சொல்லும் யாப்பு ஒன்றை எழுதிப் பிரதேச செயலகத்தில் கலை மன்றமாகப் பதிவு செய்வதில் தொடங்குங்கள். வங்கிக் கணக்குக்கும் பள்ளிக்கூட அனுமதிக்கும் ஏதாவது ஒரு பதிவு வேண்டும். வெளிநாட்டுக் காசு வருடாவருடம் பெருகினால் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாக (பங்குக்குப் பதிலாக அங்கத்தவர் ஒரு தொகைக்கு உத்தரவாதம் தரும் கம்பனியாக) மாறலாம். அதில் அங்கத்தவர் இலாபம் பங்கிட முடியாது, வருடக் கணக்காய்வும் உண்டு. 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் அரச சார்பற்ற நிறுவனங்கள் பெறும் நன்கொடையின் 3 வீதத்தை வரிக்குட்பட்ட வருமானமாகக் கருதுகிறது; எந்த வடிவத்தில் பதிவது என்று முடிவெடுக்க முன் ஒரு கணக்காளரிடம் இதைக் கேளுங்கள்.

2022 ஐயும் மறக்க வேண்டாம். மார்ச் மாதம் டொலர் 200 ரூபாயளவில் இருந்து மே மாதத்துக்குள் 360 ஐ எட்டியது. அந்தச் செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. தந்தியும் வில்லும் இறக்குமதிப் பொருள். வாத்தியத்துக்கென்று வரும் காசை மாதக்கணக்கில் ரூபாயாக வைத்திருக்காமல் சீக்கிரம் வாங்கிவிடுங்கள். பொது நிதியில் மூன்று மாதச் செலவுக்குக் காணும் தொகையை அடுத்த இரண்டு வருடத்தில் சேருங்கள்.

ரிக்கற் விலை. ஒன்றரை மடங்காக்கி, ஒருவரும் விலகாவிட்டாலும் கூட வருவது 92,500 தான். 115,000 துண்டை அது மூடாது. முதலில், மண்டபத்தில் இலவச அழைப்பில் வந்து இருப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். இரண்டில் ஒரு கச்சேரியை ஓகஸ்ட்டில், வெளிநாட்டுச் சனம் நிற்கும்போது, ஆனால் நல்லூர்த் தேர், தீர்த்த நாட்களுக்கு முட்டாமல் வையுங்கள். முன்வரிசைகளுக்கு மட்டும் நல்ல விலை போடுங்கள். பின்வரிசைகளும் மாணவரும் இப்போதைய விலையிலோ குறைவாகவோ இருக்கட்டும். ரிக்கற் அச்சடிக்க முன்னரே மாநகர சபைக்குப் போய்க் கேளிக்கை வரியையும் விலக்குக் கேட்க வழியுண்டா என்பதையும் பேசிவிடுங்கள். அச்சடித்து விற்றபின் போனால் அந்த வரி உங்கள் பொது நிதியில்தான் விழும்.