குரோமில் பாஸ்வேர்ட் சேமித்து வைக்கலாமா? வீட்டில் எல்லோருக்கும் ஒரே லெப்டொப்

தலவாக்கலையில் இருக்கிறீர்கள், ஒரே லெப்டொப்பை அண்ணன், தங்கச்சி எல்லோரும் பாவிக்கிறீர்கள், குரோம் "சேமிக்கவா?" என்று கேட்டால் சம்மதிக்கலாமா என்பது உங்கள் கேள்வி. சம்மதிக்கலாம். ஆனால் அதற்கு முன் விண்டோஸில் ஒரு வேலை இருக்கிறது.

குரோம் பாஸ்வேர்டுகளைப் பூட்டித்தான் வைக்கிறது. அந்தப் பூட்டின் சாவி உங்கள் விண்டோஸ் கணக்கோடு பிணைந்திருக்கிறது. ஆகவே அந்தக் கணக்குக்குள் யார் இருந்தாலும் உங்கள் பாஸ்வேர்டுகளை நெருங்கிவிடலாம். விண்டோஸுக்கே பாஸ்வேர்ட் இல்லையென்றால், சேமித்த பாஸ்வேர்டின் பக்கத்தில் இருக்கும் கண் அடையாளத்தைத் தட்டியவுடன் எல்லாம் தெரியும். குரோமுக்குள் ஆளுக்கொரு புரொஃபைல் வைப்பதும் காவல் ஆகாது. ஒரு கிளிக்கில் மாறிவிடலாம்.

அதனால் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் என்று போய், ஒவ்வொருவருக்கும் தனி விண்டோஸ் கணக்கும் தனி பின் இலக்கமும் வையுங்கள். பிறகு குரோமின் பாஸ்வேர்ட் மனேஜர் செட்டிங்ஸில், நிரப்பும் முன் விண்டோஸ் ஹலோ (பின், கைரேகை அல்லது முகம் பார்க்கும் விண்டோஸ் பூட்டு) கேட்கும்படி போடுங்கள். தனிக் கணக்குக்கு வழியில்லையா? பயர்பொக்ஸ் பிரவுசரில், சேமித்த பாஸ்வேர்டுகளைத் திறக்க முதலில் கேட்கும் பிரைமரி பாஸ்வேர்ட் என்று ஒன்று உண்டு. அது தானாக வராது, நீங்கள்தான் போட வேண்டும்.

இவ்வளவு சிரமப்பட்டுச் சேமிப்பதற்குக் காரணம் இருக்கிறது. வங்கியின் பக்கம் போலவே செய்த போலித் தளத்தில் கண் ஏமாறும், குரோம் ஏமாறாது. முகவரி ஒத்துப்போனால்தான் அது நிரப்பும். வழக்கமாக நிரம்பும் பெட்டி வெறுமையாக இருந்தால், கையால் அடிக்காமல் முகவரியைப் பாருங்கள். எல்லாத் தளத்துக்கும் ஒரே பாஸ்வேர்ட் வைக்கும் பழக்கமும் இதனால் விடும்.

உண்மையில் பெரிய ஆபத்து தகவல்களைத் திருடும் மென்பொருளில் இருந்து வருகிறது. கிராக் செய்த ஒபிஸ், அதை இயக்கத் தரும் "அக்டிவேட்டர்" போன்றவற்றோடு ரெட்லைன், லும்மா மாதிரியான திருட்டு மென்பொருள்கள் உள்ளே வரும். அவை உங்கள் கணக்கிலேயே ஓடுவதால் பாஸ்வேர்டுகளோடு குக்கிகளையும் (நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்டதைத் தளத்துக்குக் காட்டும் சிறு தரவுகள்) அள்ளிப் போகும். குக்கி போனால், பாஸ்வேர்டுக்குப் பிறகு கோட் கேட்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் காப்பாற்றாது. 2024 ஜூலையில் வந்த குரோம் 127 குக்கிகளுக்குக் கூடுதல் பூட்டுப் போட்டது. திருட்டு மென்பொருள் எழுதுகிறவர்கள் அதற்கும் சில மாதங்களில் வழி கண்டுவிட்டார்கள். ஆகவே வெளியே விண்டோஸ் போட்டு வாங்கும்போது கிராக் எதுவும் வேண்டாம் என்று கட்டாயம் சொல்லுங்கள்.

கொமியுனிகேஷன் கடையில் விண்ணப்பம் நிரப்பப் போனால், அங்குள்ள குரோமில் உங்கள் ஜிமெயிலைச் சேர்த்து சிங்க் போடவே கூடாது. போட்டால் உங்கள் பாஸ்வேர்டுகள் எல்லாம் அந்தக் கணனிக்கு இறங்கிவிடும். கெஸ்ட் விண்டோவைத் திறந்து வேலையை முடித்து, மூடிவிட்டு வாருங்கள். ஏற்கெனவே சிங்க் போட்டிருந்தால், கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் அந்தச் சாதனத்தை வெளியேற்றினால் மட்டும் போதாது, இறங்கிய பிரதி அங்கேயே கிடக்கலாம். முக்கியமான பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள், ஜிமெயிலை முதலில்.

ஜிமெயிலுக்கும் வங்கிக்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு அவசியம். தோட்டப் பக்கம் சிக்னல் விட்டுவிட்டு வருவதால் எஸ்எம்எஸ் வரத் தாமதமாகும். ஜிமெயிலுக்கு ஒதென்டிகேட்டர் செயலி வையுங்கள். 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் அதன் 6 இலக்கத்துக்கு சிக்னலே தேவையில்லை. போன் தொலைந்தால் உதவ கூகுள் 10 பேக்கப் கோட் (அவசரத்துக்கு வைத்திருக்கும் இலக்கங்கள்) தரும். ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் வேலை செய்யும். அவற்றைத் தாளில் எழுதி, அடையாள அட்டைப் பிரதிகள் வைக்கும் இடத்தில் வையுங்கள்.