எந்தப் பௌத்தத்தில் தொடங்குவது?

கேள்வி: இங்கிலாந்தின் வாட்ஃபோர்டில் வசிக்கிறேன். அலுவலகத்தில் நடந்த எட்டு வார மைண்ட்ஃபுல்னெஸ் தியானப் பயிற்சியில் சேர்ந்ததிலிருந்து பௌத்தத்தில் ஈடுபாடு வந்துவிட்டது. ஆனால் தேரவாதம், ஜென், திபெத்திய பௌத்தம் என்று படிக்கப் படிக்கக் குழப்பமே மிஞ்சுகிறது. எதைத் தேர்ந்தெடுப்பது? நேராகப் பத்து நாள் விபாசனா தியான முகாமில் சேர்ந்துவிடலாமா? மதம் மாற வேண்டியிருக்குமா? வீட்டுப் பூஜையறையில் முருகன் படம் இருக்கிறது. மாமியார் இப்போதே கவலைப்படத் தொடங்கிவிட்டார்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எந்தப் பிரிவு என்ற கேள்வியைச் சில மாதங்களுக்குத் தள்ளிவையுங்கள். துன்பத்தையும் அது தீரும் வழியையும் சொல்லும் நான்கு வாய்மைகளும், அந்த வழியான எண்வழிப் பாதையும் நீங்கள் குறிப்பிட்ட மூன்று மரபுகளுக்கும் பொதுவானவை. மரபுகளுக்கு இடையிலான வேறுபாடுகளைப் புத்தகத்தில் ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுப்பதைவிட, யாரோடு சேர்ந்து அமர்ந்து பழகும்போது உங்கள் கோபமும் பதற்றமும் தணிகின்றன என்று கவனித்து முடிவெடுப்பதே நல்லது.

நீங்கள் கற்ற பயிற்சி, 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-ஜின், நாள்பட்ட வலியோடு போராடும் நோயாளிகளையும் மனத்தில் வைத்துத் தொடங்கிய திட்டத்தின் வழி வந்தது. பௌத்தத் தியானத்தைச் சமயச் சார்பில்லாமல் கொடுப்பதே அதன் நோக்கம்; அந்த அளவில் அது பெரும் நன்மை செய்திருக்கிறது. ஆனால் புத்தர் இல்லறத்தாருக்குப் போதித்தபோது தானத்திலும் சீலம் எனப்படும் நல்லொழுக்கத்திலும் தொடங்கித்தான் மேலே போனார். மேலை நாடுகளில் புதிதாக வருபவர்களில் பலர் தியானத்தின் வழியாக நுழைந்து, தியானத்தோடே நின்றுவிடுகிறார்கள். இது எனக்கு வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் மனம் அமைதியடைவதற்கான பாதி வேலை பிறரோடு நாம் நடந்துகொள்ளும் விதத்தில்தான் இருக்கிறது.

உங்களுக்கு ஒரு நல்வாய்ப்பு அமைந்திருக்கிறது. ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில், உங்கள் ஊரிலிருந்து அதிகத் தொலைவில்லாத கிரேட் கேடஸ்டன் அருகே அமராவதி பௌத்த மடாலயம் இருக்கிறது. தேரவாதத்தைச் சேர்ந்த தாய்லாந்து வன மரபின் ஆசானான அஜான் சா என்பவரிடம் துறவு வாழ்க்கையைக் கற்ற அமெரிக்கர் அஜான் சுமேதோ 1984-இல் அதை நிறுவினார். அங்கே கட்டணம் கிடையாது. தங்குவதும் உண்பதும் பிறர் தந்த தானத்தில்தான். முதல் முறை தியான வகுப்புக்குப் போகாமல், காலையில் உணவு வழங்கும் நேரத்துக்குப் போகும்படி சொல்வேன். துறவிகள் தாமாகச் சமைத்துக்கொள்வதில்லை, நண்பகலுக்குப் பின் உண்பதில்லை, யாராவது கையால் எடுத்துக் கொடுக்காத எதையும் உண்பதில்லை. தாய்லாந்துப் பெண்களும் இலங்கைக் குடும்பங்களும் ஆங்கிலேயர்களும் அவரவர் கொண்டுவந்த பாத்திரங்களோடு நிற்க, துறவிகள் மூப்பு வரிசையில் பிட்சாபாத்திரம் ஏந்தி வருவதை அருகிலிருந்து பாருங்கள். கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் சார்ந்து வாழும் இந்த ஏற்பாடு எத்தனையோ நூற்றாண்டுகளாக நடந்துவருகிறது. சங்கம் எனப்படும் துறவியர் சமூகம் என்பது என்ன என்பதை எந்தச் சொற்பொழிவையும்விட அது தெளிவாக உணர்த்திவிடும்.

லண்டனுக்குப் போவது எளிதென்றால், விக்டோரியா நிலையத்துக்கு அருகே 1924-இல் தோன்றிய பௌத்த அமைப்பான ‘புத்திஸ்ட் சொசைட்டி’ இருக்கிறது. அங்கே பல மரபுகளுக்கும் வகுப்புகள் உண்டு என்பதால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும். இலங்கைப் பௌத்த மறுமலர்ச்சியாளர் அநகாரிக தர்மபாலர் 1926-இல் நிறுவிய தேரவாத விகாரை இப்போது லண்டனின் சிஸ்விக்கில் இயங்குகிறது. ஜென் மரபுக்கு நார்தம்பர்லாந்தின் த்ராசல் ஹோல் மடாலயமும், திபெத்திய மரபுக்கு ஸ்காட்லாந்தில் 1967-இல் தொடங்கிய சம்யே லிங்கும் இருக்கின்றன. அவை தொலைவு, விடுமுறையில் போய்வரலாம்.

பத்து நாள் விபாசனா முகாம் முதற்படியாக வேண்டாம். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து, யாரோடும் பேசாமல், நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் அமர்வது பலருக்குப் பெரும் பயன் தந்திருக்கிறது என்றாலும், பழைய துயரங்கள் திடீரென்று மேலெழும்போது தாங்கிப்பிடிக்க ஆளில்லாமல் தவித்தவர்களும் உண்டு. மனநலச் சிகிச்சை பெற்றவராயிருந்தால் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். அதற்கு முன், சில மாதங்கள் தினமும் இருபது நிமிடம் வீட்டில் அமர்ந்து பழகுங்கள்.

அதோடு ஐந்து சீலங்களையும் கடைப்பிடித்துப் பாருங்கள்: உயிர்க்கொலை, களவு, தகாத காமம், பொய், மதி மயக்கும் பொருள் ஆகியவற்றைத் தவிர்ப்பது. இங்கிலாந்தில் ஐந்தாவதுதான் முதலில் சிரமம் தரும். வேலை முடிந்து சக ஊழியர்களெல்லாம் பப்புக்குக் கிளம்பும் வெள்ளிக்கிழமை மாலை அது புரியும். கூடப் போங்கள், ஆனால் ஆரஞ்சுச் சாறு வாங்கிக்கொள்ளுங்கள். விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. படிப்பதென்றால் மணிமேகலையின் கடைசிக் காதையைப் படியுங்கள். பேதைமையில் தொடங்கி, ஒன்றையொன்று சார்ந்து துன்பம் எழும் விதத்தைச் சொல்லும் பன்னிரு சார்புகளைத் தமிழில் அறிந்துகொண்டு போனால் ஆங்கில வகுப்பில் திணறமாட்டீர்கள்.

ஆசிரியரைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். மேலை நாடுகளில் பெரும்புகழ் பெற்றிருந்த திபெத்திய பௌத்த ஆசிரியர் சோக்யால் ரின்போச்சே தம்மை அடித்தார், பாலியல் ரீதியாகச் சுரண்டினார் என்று நீண்டகாலச் சீடர்கள் எட்டுப் பேர் 2017-இல் கடிதம் எழுதினார்கள். மறுஆண்டு வெளியான சுயேச்சையான விசாரணை அறிக்கை அதில் பெரும்பகுதியை உறுதிப்படுத்தியது. கேள்வி கேட்டால் முகம் சுளிக்கும் இடத்திலும், விலகிப் போனவர்களைத் தூற்றும் இடத்திலும் இரண்டாம் முறை கால் வைக்காதீர்கள்.

மதம் மாறும்படி எந்த நல்ல மடாலயமும் உங்களைக் கேட்காது. புத்தம், தம்மம், சங்கம் என்ற மூன்றையும் சரணடைவது நீங்களாக விரும்பி, உரிய காலத்தில் செய்யும் தீர்மானம்; ஓராண்டு கழித்துக்கூட யோசிக்கலாம். முருகன் படம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். மாமியாருக்கு வாதத்தால் விளக்க முயலாதீர்கள். உணவு கொண்டுபோகும் நாளில் அவரையும் அழைத்துச் செல்லுங்கள், அவர் கையால் சமைத்த சாம்பார் சாதத்தோடு. பதினொரு மணிக்குள் போய்ச் சேருவது நல்லது; அமரும்போது புத்தர் சிலையை நோக்கிக் கால் நீட்ட வேண்டாம். பெண்கள் தரும் பொருளைத் தாய்லாந்து மரபுப் பிக்குகள் நேராகக் கையில் வாங்குவதில்லை, பாத்திரத்திலோ துணி விரித்தோதான் ஏற்பார்கள் என்பதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவையுங்கள். இல்லையென்றால் அவமதித்துவிட்டார்கள் என்று அவர் மனம் வருந்தக்கூடும்.