வேகமாகப் பாடிய நெகாராகூ (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணா,

நாங்கள் பேரா மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம். அப்பாவுக்குச் செம்பனைத் தோட்டத்தில் வேலை. இரண்டு வாரமாக எங்கள் லயத்துக் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) குழாயில் தண்ணீர் நூல் மாதிரிதான் வருகிறது. அன்றைக்கு ராத்திரி அப்பாவோடு உட்கார்ந்து மலேசிய நாடாளுமன்றக் காணொளி ஒன்றைப் பார்த்தேன். கொடியை எப்படி மதிக்க வேண்டும், நாட்டுப்பண்ணுக்கு எப்படி நிற்க வேண்டும் என்று ஒரு மணி நேரம். அப்புறம் அவை விதிகளைத் திருத்துவது பற்றி இன்னொரு மணி நேரம். "இதுக்கா ஓட்டுப் போட்டோம்?" என்று அப்பா போனை வாங்கி அணைத்துவிட்டார். எனக்கும் அதே கேள்விதான். சின்னமும் விதியும் தோட்டத்துக்காரனுக்கு எதற்கு அண்ணா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

குழாயில் தண்ணீர் வராத வீட்டில் அந்தக் கோபம் வரத்தான் செய்யும். அப்பா மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அந்த இரண்டாவது மணி நேரத்தை அவர் அணைக்காமல் இருந்திருக்கலாம்.

கொடியை நான் லேசாகப் பேச மாட்டேன். எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பில் கொடி வரையச் சொன்னார்கள். நான் கோடு போட்டு, வண்ணமும் தீட்டி முடித்துவிட்டேன். ஆசிரியை என் நோட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு, "அடியில சிவப்பு வந்திருக்கே, எண்ணிப் பாரு" என்றார். பதின்மூன்று கோடுதான் இருந்தது. பதினான்கு இருந்தால் மேலே சிவப்பில் தொடங்கி அடியில் வெள்ளையில் முடியும். எங்கே தப்பு என்று எண்ணாமலே அடியைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். இன்றைக்கும் எந்தக் கொடியைக் கண்டாலும் என் கண் முதலில் அடிக் கோட்டுக்குத்தான் போகும்.

அந்தப் பதினான்குக்கு ஒரு கதை இருக்கிறது. 1950இல் மலாயாக் கூட்டரசின் கொடி ஏறியபோது பதினொரு மாநிலத்துக்குப் பதினொரு கோடு. 1963இல் சபா, சரவாக், சிங்கப்பூர் சேர்ந்ததும் பதினான்கு ஆனது. 1965இல் சிங்கப்பூர் போய்விட்டது, கோடு போகவில்லை. பதினான்காவது கோடு மத்திய அரசைக் குறிக்கிறது என்று பொருளை மாற்றிக்கொண்டார்கள். கொடிக்கு ஜாலூர் கெமிலாங் என்ற பெயர் வந்ததே 1997இல்தான். ஆக, சின்னம் மாறுவது புதிதில்லை. மாறினால் எல்லார் கண்ணுக்கும் தெரியும், எல்லாரும் பேசுவார்கள்.

1992இல் நம் நாட்டுப்பண்ணான நெகாராகூவின் வேகத்தைக் கூட்டினார்கள். அணிவகுப்பு நடை மாதிரி. எனக்கு அப்போது பதினோரு வயது. திங்கட்கிழமை சபைகூடலில் புது ஒலிநாடா ஓடுகிறது, முதலாம் வகுப்புப் பிள்ளைகள் இன்னும் இரண்டாவது வரியில் நிற்கிறார்கள், இசை அவர்களைத் தாண்டிப் போய்விடுகிறது. பாட்டு முடிந்தபிறகும் வரிசைக் கடைசியில் இரண்டு பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். பெரியவர்களுக்கு அந்த வேகம் பிடிக்கவே இல்லை. காலையில் தொழிலாளர்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில்கூட அதைப் பற்றிப் பேச்சு இருந்தது. பதினோரு வருடம் கழித்து, 2003இல், பழைய நிதானத்துக்கே திரும்பினார்கள்.

அதே 1992இல் இன்னொன்றும் நடந்தது. 1963ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சேவைச் சட்டத்தை ரத்து செய்தார்கள். தன் ஊழியர்களைத் தானே அமர்த்தி, தன் காசைத் தானே நிர்வகித்துக்கொள்ள நாடாளுமன்றத்துக்கு இருந்த சட்டம் அது. அது போனபிறகு, அரசாங்கத்தைக் கேள்வி கேட்க வேண்டிய அவை தன் ஆளுக்கும் செலவுக்கும் அரசாங்கத்தையே எதிர்பார்த்து நின்றது. இதைப் பற்றிப் பெரட்டில் யாரும் பேசவில்லை. எனக்கே இருபது வருடம் கழித்துத்தான் தெரியும். நெகாராகூவின் வேகம் பதினோரு வருடத்தில் சரியானது. இந்தச் சட்டம் திரும்ப மக்களவையில் நிறைவேற 2025 மார்ச் ஆனது. முப்பத்து மூன்று வருடம்.

அதனால்தான் இரண்டாவது மணி நேரத்தைப் பார்க்கச் சொல்கிறேன். யார் பேசலாம், எவ்வளவு நேரம் பேசலாம், எந்தக் கேள்வி பட்டியலில் மேலே வரும், ஒரு மசோதாவைக் குழுவில் வைத்து நிதானமாக அலசலாமா, எல்லாம் அங்கேதான் முடிவாகிறது.

நம் ஆட்களுக்கு இதில் பழைய காயம் ஒன்று உண்டு. சுதந்திரத்துக்கு முன்னால் அரசியலமைப்பை வரைந்த ரீட் ஆணையம் 1957 அறிக்கையில் ஒரு பரிந்துரை செய்தது: மலாயோ ஆங்கிலமோ சரளமாக வராத உறுப்பினர், பத்து வருடத்துக்கு, சீன மொழியிலோ ஓர் இந்திய மொழியிலோ அவையில் பேசலாம். பிறகு நடந்த பேச்சுவார்த்தையில் அதை எடுத்துவிட்டார்கள். மலாய் தேசிய மொழி, ஆங்கிலத்துக்குப் பத்து வருடம், அவ்வளவுதான். மலாய் பொது மொழியாக இருப்பதில் எனக்குத் துளியும் மறுப்பில்லை, நானே மலாயில் எழுதிப் பிழைப்பவன். ஆனால் அந்தப் பத்து வருடத்தை நினைத்தால் மனசு ஆறுவதில்லை. விடிகாலையில் ரப்பர் பால் மரம் வெட்டப் போய், தமிழ் மட்டும் தெரிந்து, சங்கத்துக் கூட்டத்தில் மணிக்கணக்காக நியாயம் பேசத் தெரிந்த ஒருவர் அந்தக் காலத்தில் ஒவ்வொரு தோட்டத்திலும் இருந்தார். அவர் ஓட்டுப் போடலாம். ஜெயித்தே போயிருந்தாலும் அவையில் வாயைத் திறக்க முடியாது. அறிக்கையிலிருந்து ஒரு பத்தியை எடுத்ததோடு அவர் வெளியே நின்றுவிட்டார்.

இது பழைய கதை மட்டும் இல்லை. 2024 அக்டோபரில் மக்களவை குடியுரிமைத் திருத்தத்தை நிறைவேற்றியது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்கு அதில் நல்லது நடந்தது, அதை மனசார வரவேற்கிறேன். அதே மசோதாவில், இங்கே பிறந்தாலும் நிரந்தரவாசியின் பிள்ளைக்குத் தானாகக் குடியுரிமை கிடைக்கும் வழியை அடைத்தார்கள். சிவப்பு ஐசி (நிரந்தரவாசி அடையாள அட்டை) வைத்திருக்கும் குடும்பம் உங்கள் லயத்திலும் ஒன்றாவது இருக்கும், அவர்களைக் கேட்டுப் பாருங்கள். கைவிடப்பட்ட குழந்தைகளைப் பாதிக்கும் பிரிவை அந்த வருடம் மார்ச்சிலேயே அரசாங்கம் கைவிட்டது. காரணம், ஊரே சத்தம் போட்டது. சிவப்பு ஐசிக்காரர்களுக்காக அவ்வளவு சத்தம் எழவில்லை. நானும் அப்போது ஒரு கட்டுரைகூட எழுதவில்லை. அது என் குற்றம்தான்.

சரி, தண்ணீருக்கு வருவோம். தொழிலாளர் குடியிருப்பு வசதிகளுக்கென்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, சட்டம் 446. தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளிக்குப் போதுமான குழாய்த் தண்ணீரை முதலாளி இலவசமாகத் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. தொழிலாளர் இலாகாவில் முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம். "நடவடிக்கை எடுங்கள்" என்று பொதுவாக எழுதாதீர்கள். இந்தச் சட்டத்தின் கீழ் பேராவில் எத்தனை தோட்டங்களைச் சோதித்தார்கள், எத்தனை பேர் மேல் நடவடிக்கை எடுத்தார்கள் என்று மனிதவள அமைச்சரிடம் எழுத்துப்பூர்வப் பதில் கேட்கச் சொல்லுங்கள். எழுத்தில் வரும் பதிலைப் பிறகு யாரும் இல்லையென்று சொல்ல முடியாது.

கடிதத்தை நீங்களே மலாயில் எழுதி எனக்கு அனுப்புங்கள், நடையைப் பார்த்துத் தருகிறேன். எத்தனை வீட்டில் தண்ணீர் வரவில்லை, எந்தத் தேதியிலிருந்து என்ற கணக்கை அப்பாவிடம் கேட்டு வாங்குங்கள். லயத்தில் அவருக்குத் தெரியாத வீடு இருக்காது.

அன்புடன்,
அண்ணன்