ஒற்றை ஊசியில் பின்னிய காலுறை

கேள்வி: ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் கால வாழ்க்கையை இன்று நிகழ்த்திக் காட்டும் குழுவினர் காலுறைகளையும் கையால் பின்னிக்கொள்கிறார்களாமே, அது நாம் அறிந்த ஸ்வெட்டர் பின்னல்தானா?

பதில்: இல்லை. அவர்கள் கையாள்வது ‘நோல்பின்டிங்’ என்னும் ஒற்றை ஊசிப் பின்னல். எலும்பாலோ மரத்தாலோ ஆன தட்டையான ஊசியில் சிறிதளவு கம்பளி நூலைக் கோத்து, கட்டைவிரலில் ஒரு கண்ணியை மாட்டி, ஒவ்வொரு முறையும் நூல் முழுவதையும் முந்தைய கண்ணிகளுக்குள் இழுத்தெடுக்க வேண்டும். நூல் தீர்ந்தால் முடிச்சுப் போடுவதில்லை. பழைய நுனியையும் புதிய நுனியையும் பிரித்துச் சேர்த்து, ஈரப்படுத்தி (பெரும்பாலும் எச்சிலால்தான்), உள்ளங்கைகளுக்கிடையே சூடேறத் தேய்த்தால் இழைகள் ஒன்றிவிடும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனால் ஓரிடத்தில் அறுந்தாலும் முழுவதும் பிரிந்து வராது என்பதே இதன் பெருஞ்சிறப்பு என்பேன்.

வைக்கிங்குகள் குடியேறியிருந்த இங்கிலாந்தின் யார்க் நகரில், காப்பர்கேட் பகுதியில் 1976 முதல் 1981 வரை நடந்த அகழாய்வில் கிடைத்த கம்பளிக் காலுறை, 10ஆம் நூற்றாண்டில் இம்முறையில் பின்னப்பட்டதே. காற்றுப் புகாத ஈரமண் அதை மட்காமல் காத்தது. அதில் கண்ட தையலை இன்றும் ‘யார்க் தையல்’ என்றே அழைத்து, அப்படியே பின்னிப் பழகுகிறார்கள்.