ட்ரையல்ஸ் பைக்ல (பாறை, தடை மேல ஏத்தி ஓட்டுற பைக்) வேற பைக்கோட முன் ஹப் (வீலோட நடுப் பாகம்) மாட்டலாமா, ஃபோர்க்குக்கு செட் ஆகுமா?

மாட்டலாம், ஆனா முதல்ல வெர்னியர் (மில்லிமீட்டர் துல்லியமா அளக்குற கருவி) எடுத்து அளந்துடுங்க, கண்ணு மதிப்புல போனீங்கன்னா ரெண்டு தடவ லேத்துக்கு அலையணும். ஆக்ஸில் (வீல் சுத்துற நடுத்தண்டு) தடிமன், ஃபோர்க் ரெண்டு காலுக்கும் நடுவுல உள்ள இடைவெளி, ஹப்போட அகலம், இது மூணும் வேணும்.

பேரிங் விஷயத்துல ஒரு நல்லது இருக்கு. ஹப்ல 6202 நம்பர் பேரிங் இருந்து உங்க ஆக்ஸில் 17 மிமீ-ன்னா ஹப்ப கடையவே வேணாம், 6003 போட்டா போதும், ரெண்டுக்கும் வெளி விட்டம் 35 மிமீ தான், உள் ஓட்டை மட்டும் 15-க்கு பதிலா 17. ஆனா 6003 அகலம் 10, 6202 அகலம் 11, அந்த 1 மிமீக்கு ஷிம் (மெல்லிய வளையத் தகடு) வைக்கணும், ஹப்புக்குள்ள ரெண்டு பேரிங்குக்கும் நடுவுல இருக்கிற குழாயையும் 17-க்கு மாத்தணும், இத மறந்துட்டு நட்ட இறுக்குனா பேரிங் சீக்கிரமே காலி. சைடு ஸ்பேசர் பேரிங்கோட உள் வளையத்துல மட்டும் உக்காரணும். ரிம் நடுவுல வரலன்னா ஸ்பேசர மாத்துங்க, கொஞ்சம் தான்னா ஸ்போக்கையே இழுத்துக்கலாம்.

டிரம் பிரேக்குன்னா இதுதான் உயிர் விஷயம்: பிரேக் பிளேட் (பிரேக் ஷூ மாட்டியிருக்கிற மூடித் தட்டு) ஃபோர்க்ல எங்கயாவது பூட்டியிருக்கணும், இல்லன்னா பிரேக் அடிச்சதும் பிளேட்டே வீலோட சேர்ந்து சுத்தி கேபிள பிச்சுடும். ஃபோர்க்ல கொக்கி பொருந்தலன்னா டார்க் ஆர்ம் (பிளேட்ட சுத்தாம ஃபோர்க்கோட பிணைக்கிற கம்பி) செஞ்சு போடுங்க, ஃபோர்க்கோட கீழ்க்காலோட சேர்ந்து ஏறி இறங்குற மாதிரி, ஹோஸ் கிளாம்ப் வேலையெல்லாம் வேணாம்.

கடைசியா ஆக்ஸில் நட்ட இறுக்கிட்டு ஃபோர்க்க நாலஞ்சு தடவ அமுக்கி விட்டு, அப்புறம்தான் பிஞ்ச் போல்ட்ட (ஃபோர்க் கால்ல ஆக்ஸில கவ்விப் பிடிக்கிற போல்ட்) டைட் பண்ணணும்.