குடும்ப ஆதரவுச் சேவை முடியும்போது போட்ட மதிப்பீட்டில் பெரும்பாலும் பூஜ்யம் வந்திருக்கிறது. எங்கள் குடும்பம் தேறவில்லை என்று அர்த்தமா?

இல்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால், உங்களுக்குப் போட்டது வட கரோலினா குடும்ப மதிப்பீட்டு அளவுகோலாகத்தான் இருக்க வேண்டும். குடும்பத்தோடு வேலை செய்யும் பணியாளர் அந்தக் குடும்பத்தின் நிலைக்கு மதிப்பெண் போடும் படிவம் அது. அதில் +2 முதல் −3 வரை ஆறு படிகள். பூஜ்யம் என்றால் ‘போதுமான நிலை’. வெளியார் வந்து தலையிடக் காரணம் இல்லை என்று பொருள். அதற்கு மேலே உள்ளவை பலம், கீழே உள்ளவை சிக்கல். −2இல் தொடங்கிய குடும்பம் பூஜ்யத்துக்கு வந்திருந்தால் இரண்டு படி ஏறியிருக்கிறது. படிவத்தை உங்களிடம் காட்டியவர் இதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அவர் சொல்லாமல் போனதற்கு நீங்கள் ஏன் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறீர்கள்?

இந்தப் படிவத்தைப் பல வருடங்கள் நிரப்பியிருக்கிறேன். எனக்குக் கவலை தருவது பூஜ்யம் அல்ல, முடிவுப் படிவத்தில் வரிசையாக நிற்கும் +1, +2தான். தொடக்கத்தில் மதிப்பெண் போடுபவரும் முடிவில் போடுபவரும் ஒரே பணியாளர். தேர்வு எழுதியவரிடமே விடைத்தாளைத் திருத்தக் கொடுப்பது போன்றது இது. அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. மாதக்கணக்கில் உழைத்தவரின் கண்ணுக்கு முன்னேற்றம் கொஞ்சம் பெரிதாகவே தெரியும், அவ்வளவுதான்.

ஒரு குடும்பம் நினைவுக்கு வருகிறது (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்). தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் தாய். மூத்தவன் பள்ளிக்குப் போவதில்லை, வீட்டில் ஓயாத கூச்சல், அடி. சேவை முடியும் நேரத்தில் வீட்டுச் சூழல், பெற்றோரின் திறன், பாதுகாப்பு, பிள்ளைகளின் நலம் எல்லாமே ஏறியிருந்தன. குடும்பத்தாருக்குள் உள்ள உறவாடலுக்கு மட்டும் −1 போட்டேன். மேற்பார்வையாளருக்கு எரிச்சல். “மற்றதெல்லாம் ஏறியிருக்கிறது, இது மட்டும் ஏன்? பூஜ்யமாக்கிக் கோப்பை மூடுங்கள்” என்றார்.

மூடவில்லை. காரணம் மிகச் சிறியது. மகன் எதையாவது கேட்டால், அந்த அம்மா பதில் சொல்லும் முன் என் முகத்தைப் பார்ப்பார். சரியான பதில்தான் சொல்வார், ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான். நான் அந்த அறையில் இருக்கும்வரை அந்த வீடு நன்றாகத்தான் நடக்கும். சேவை முடிந்தபின் நான் அங்கே இருக்க மாட்டேனே!

வாதாடி, சேவையைச் சில வாரங்கள் நீட்டித்து, வருகையைக் குறைத்துக்கொண்டே வந்தேன். இடையில் பள்ளியிலிருந்து ஒரு புகார் வந்திருக்கிறது. பெரிய சண்டைதான். அந்த அம்மா தன் அக்காவை வரவழைத்துப் பிள்ளைகளை அவரிடம் விட்டுவிட்டு, வெளியே நடந்து கோபம் தணிந்த பிறகு திரும்பி வந்து மகனோடு பேசியிருக்கிறார். எனக்கு ஒரு அழைப்புகூட வரவில்லை. அடுத்த முறை போனபோது, அந்தப் பையன் வேறு ஏதோ கதைக்கு நடுவே போகிறபோக்கில் இதைச் சொன்னான். அன்றைக்குத்தான் −1ஐ அடித்துவிட்டுப் பூஜ்யம் போட்டேன். +1 இல்லை, பூஜ்யம்தான். நான் போட்டதிலேயே எனக்குப் பெருமையான பூஜ்யம் அது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் இதையும் சொல்லிவிடுகிறேன்: அந்த நீட்டித்த வாரங்களுக்கான பயணப்படியை என் நிறுவனம் கடைசிவரை தரவில்லை. முதலில் குறித்த முடிவுத் தேதியைத் தாண்டிய ரசீதாம். விரைவாக மூடுகிறவர்களுக்கு மட்டும் கூட்டத்தில் கைதட்டல்.

‘அப்படியானால் எண்களே வேண்டாமா’ என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: வேண்டும். எண் இல்லாவிட்டால் ‘நல்ல குடும்பம், நன்கு ஒத்துழைத்தார்கள்’ என்ற ஒரே வரியில் கோப்பு மூடப்படும், அதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் பணியாளரின் எண் மட்டும் போதாது. 1983இல் வெளியான மெக்மாஸ்டர் குடும்ப மதிப்பீட்டுக் கருவியில் முதலில் 53 வாக்கியங்கள், பின்னர் வந்த வடிவத்தில் 60. 12 வயதைக் கடந்த குடும்பத்தினர் ஒவ்வொருவரும் தாங்களே நிரப்பலாம். அம்மாவின் தாளும் மகளின் தாளும் எங்கே முரண்படுகின்றன என்று பார்த்தால், பணியாளர் கண்ணில் படாத பலதும் தெரியவரும். ஒரு எச்சரிக்கை: குடும்பங்கள் முதல் தாளில் அடக்கி வாசிப்பதுண்டு. நம்பிக்கை வந்தபின் உண்மையைச் சொல்வார்கள், அப்போது எண் மோசமாகும். அதைச் சரிவு என்று எழுதும் அவசரக்காரர்களும் இருக்கிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: தொடக்கப் படிவத்தையும் முடிவுப் படிவத்தையும் அருகருகே வைத்துக் காட்டும்படி கேளுங்கள். ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் ‘எதைப் பார்த்துப் போட்டீர்கள்’ என்று கேளுங்கள். அவரிடம் பதில் இல்லாத இடம் ஏதாவது இருந்தால், மூடுவதற்கு முன் இன்னொரு முறை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். பிள்ளைகள் பசியோடும் பையோடும் பள்ளியிலிருந்து திரும்பும் நேரத்தில்.